டர்பன், சாட்ஸ்வொர்த்திலிருந்து அம்மா

அன்புள்ள கண்ணு,

மாமா மகன் சனிக்கிழமை ஜோபர்க் வருகிறான், உன் ஜோகன்னஸ்பர்க் வீட்டுக்கு. மாங்காய் ஊறுகாயோடு இந்தக் கடிதத்தையும் அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். வாட்ஸ்ஆப்பில் எழுதியிருக்கலாம், ஆனால் உன் கையில் இருப்பது ஆபீஸ் கொடுத்த போன். அதற்குள் யார் எட்டிப் பார்ப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்? கோயில் வகுப்பில் சனிக்கிழமைதோறும் உன்னை உட்கார வைத்துத் தமிழ் எழுதப் பழக்கினேனே, அது இப்படி ஒரு நாளுக்கு உதவும் என்று நான் நினைத்ததே இல்லை. மெதுவாகப் படி. இரண்டு தடவை படி.

ஞாயிற்றுக்கிழமை நீ பேசிவிட்டு வைத்த பிறகு எனக்கும் அப்பாவுக்கும் தூக்கம் இல்லை. வராத சரக்குக்குப் பில், அந்தப் பில்லை அனுப்பும் கம்பெனி உன் மேனேஜரின் மச்சானுடையது, பெரிய அதிகாரியின் கையெழுத்து தேவைப்படாதபடி ஒவ்வொரு பில்லையும் சின்னச் சின்னதாக வெட்டியிருக்கிறார்கள். இதை எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் நீ கேட்டாய்: "நான் சொன்னால் காட்டிக்கொடுத்தவள் ஆகிவிடுவேனா அம்மா?"

முதலில் அதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். இந்தத் தென்னாப்பிரிக்காவில் அந்தச் சொல்லுக்கு ஒரு கறை உண்டு. "இம்பிம்பி" என்று சொல்வார்கள், நீயும் கேட்டிருப்பாய். அப்பார்ட்டைட் என்ற நிறவெறி ஆட்சிக் காலத்தில் பக்கத்து வீட்டுக்காரனைப் போலீசிடம் சொல்லிக் கொடுத்தவனுக்கு அந்தப் பெயர். எங்கள் தெருவிலும் அந்தப் பயம் இருந்தது, யாரிடம் என்ன பேசுவது என்று யோசித்துத்தான் பேசுவோம். அதனால் உன் நெஞ்சு கூசுவது எனக்குப் புரிகிறது. ஆனால் இம்பிம்பி எளியவனைப் பிடித்து வலியவன் கையில் கொடுத்தான். நீ வலியவன் செய்வதைச் சுட்டிக்காட்டப் போகிறாய். அந்தப் பணத்தில் பாதி, குடோனில் வேலை செய்கிறவர்களின் சம்பள உயர்வாகப் போயிருக்க வேண்டியது என்று நீயேதான் சொன்னாய். அதனால் அந்தச் சொல்லை மனதிலிருந்து எடுத்துவிடு.

அப்பா வேறு மாதிரி நினைக்கிறார். "பேசாமல் வேறு வேலை தேடச் சொல்லு" என்கிறார். அவரைத் தப்பாக நினைக்காதே. அவர் மனதில் இருப்பது பபிதா தியோகரன். 2021 ஆகஸ்ட் 23 அன்று, மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்த காலை, ஜோபர்க்கில் தன் வீட்டு வாசலிலேயே சுடப்பட்டு இறந்தார். கௌட்டெங் மாகாணச் சுகாதாரத் துறையில் கணக்குப் பார்த்தவர். டெம்பிசா மருத்துவமனைப் பில்களில் 85 கோடி ரேண்ட் சந்தேகத்துக்கு உரியது என்று எடுத்துச் சொன்னவர். 2023-இல் ஆறு பேர் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனார்கள். அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து அப்பா செய்தித்தாளில் அந்தப் பெண்ணின் படத்தைப் பார்த்தாலே பக்கத்தைத் திருப்பிவிடுவார். எனக்கும் பயம்தான் கண்ணு. அந்தப் பயத்தை உன்னிடம் மறைத்துவிட்டு இந்தக் கடிதத்தை எழுத முடியாது. பயத்தோடுதான் எழுதுகிறேன், அதனால்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

என் கதையை நான் உனக்கு முழுசாகச் சொன்னதில்லை. 1984-இல் நான் துணித் தொழிற்சாலையில் மெஷின் ஓட்டினேன், அது உனக்குத் தெரியும். ஏன் நின்றேன் என்று கேட்டால் உன் அண்ணன் பிறந்தான் என்று சொல்லியிருக்கிறேன். அது பாதி உண்மை. அங்கே வெள்ளிக்கிழமை சம்பளக் கவர் கொடுப்பார்கள், பழுப்புக் கவர், அதன் மேலேயே எத்தனை மணி நேரம் வேலை, எவ்வளவு கூலி என்று பேனாவால் எழுதியிருக்கும். வாரா வாரம் ஓவர்டைமில் ஒரு மணி, இரண்டு மணி குறைந்தது. எல்லாருக்கும் குறைந்தது. ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் நான் எழுந்து நின்று சத்தமாகவே சொன்னேன். எல்லாப் பெண்களும் தலையாட்டினார்கள். எனக்கு அன்றைக்கு அவ்வளவு சந்தோஷம்.

திங்கட்கிழமை என் மெஷினைக் கழிப்பறைப் பக்கம் மாற்றினார்கள். அப்புறம் வாரத்தில் மூன்று நாள் வேலை. அப்புறம் "கை மெதுவாக இருக்கிறது" என்று கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். தலையாட்டிய பெண்கள் வாயைத் திறக்கவில்லை. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், ஒவ்வொருத்திக்கும் வீட்டில் நாலு பிள்ளை. என்னைக் குத்தியது வேறு. யூனியன் ஆளிடம் போனபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "கவர் எல்லாம் எங்கே அம்மா?" நான் கிழித்துக் கடைச் சாமான் சீட்டு எழுதியிருந்தேன். ஒன்றுகூட மிஞ்சவில்லை. உண்மை என்னிடம் இருந்தது, காகிதம் இல்லை. அந்த மனிதருக்கு என்ன செய்ய முடியும்?

வகுப்பில் பாலசுந்தரம் கதை சொல்லிக் கொடுத்தேனே, ஞாபகம் இருக்கிறதா? 1894, டர்பன். முதலாளி அடித்து முன்பல் இரண்டு உடைந்து, வாயெல்லாம் ரத்தம், தலைப்பாகையைக் கையில் பிடித்தபடி காந்தியிடம் வந்து நின்ற தமிழ்க் கூலி. நாம் எல்லாரும் அந்தத் தலைப்பாகையைத்தான் பேசுவோம். இப்போது எனக்கு வேறு ஒன்று தெரிகிறது. காந்தி அவரை நேரே கோர்ட்டுக்கு அழைத்துப் போகவில்லை. முதலில் டாக்டரிடம் அனுப்பினார். காயம் என்ன என்று சர்டிபிகேட் எழுதி வாங்கிக்கொண்டு, அதன் பிறகுதான் மாஜிஸ்திரேட். பாலசுந்தரத்துக்கு அந்த முதலாளியிடமிருந்து விடுதலை கிடைத்து வேறு இடத்துக்கு மாற்றம் ஆனது. அழுத கண்ணீரோடு அந்தத் தாளும் போய் நின்றது.

அதனால் முதல் காரியம், ஒரு நோட்டு. ஜாடியைச் சுற்றிய துணிக்குள் ஒரு பச்சை நோட்டு வைத்திருக்கிறேன். என்ன பார்த்தாய், எந்தத் தேதி, எந்தப் பில் எண், எவ்வளவு தொகை, யார் கையெழுத்து, கூட யார் இருந்தார்கள், எல்லாம் அன்றன்றே எழுது. கண்ணால் பார்த்தது ஒரு பக்கம், பிறர் சொல்லிக் கேட்டது வேறு பக்கம். இரண்டையும் கலக்காதே. நோட்டு வீட்டில் இருக்கட்டும், ஆபீஸ் மேசையில் வேண்டாம்.

ஆபீஸ் பேப்பரை எல்லாம் உன் சொந்த இமெயிலுக்கு அனுப்பிவிடாதே. கோயில் கமிட்டியில் இருக்கும் வக்கீல் தம்பியிடம் உன் பெயர் சொல்லாமல் ஒரு மணி நேரம் பேசினேன். அவர் முதலில் சொன்னதே இதுதான்: கம்பெனி பைலை வெளியே எடுத்தாள் என்று அதையே உன் மேல் குற்றமாகத் திருப்பிவிடுவார்களாம். பில் எண்ணும் தேதியும் எங்கே இருக்கிறது என்ற குறிப்பும் போதும், விசாரிக்க வருகிறவர்கள் தேடி எடுத்துக்கொள்வார்கள். நீயே துப்பறியக் கிளம்பாதே. மச்சான் கம்பெனி வாசலில் போய் நின்று படம் எடுப்பது, குடோன்காரரைத் தனியே கூப்பிட்டுக் கேட்பது, அதெல்லாம் வேண்டாம். நிரூபிப்பது உன் வேலை இல்லை. நம்புவதற்கு நியாயமான காரணம் உன்னிடம் இருந்தால் சட்டத்துக்கு அது போதும்.

சட்டம் என்றேனே, அது 2000-இல் வந்தது. பாதுகாக்கப்பட்ட தகவல் வெளியீட்டுச் சட்டம் என்று தமிழில் சொல்லலாம், 2017-இல் இன்னும் கெட்டியாக்கினார்கள். முறையாகச் சொன்னதற்காக வேலையை விட்டு நீக்குவது, மாற்றுவது, பதவி உயர்வை நிறுத்துவது, மிரட்டுவது, எதுவும் கூடாது. உன் வேலை ஒப்பந்தத்தில் வெளியே பேசக்கூடாது என்று எழுதியிருந்தாலும், இந்தச் சட்டம் தரும் உரிமையை அந்த வரி பறிக்க முடியாது. வக்கீலிடம் ஆலோசனை கேட்கும்போது சொல்வதற்கே பாதுகாப்பு உண்டு. அதனால் கம்பெனிக்குச் சொல்லும் முன்பு ஒரு வக்கீலைப் பார்த்துவிடு. பணம் நாங்கள் தருகிறோம், அதைப் பற்றி யோசிக்காதே. ஒன்று மட்டும், பொய் என்று தெரிந்தே ஒருவர் மேல் எழுதினால் இரண்டு வருஷம் வரை சிறை. நீ அப்படிச் செய்யமாட்டாய். ஆனால் கோபத்தில் ஒரு வரிகூடக் கூட்டி எழுதிவிடக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

அப்புறம், கம்பெனியில் நடக்கும் தப்பைக் கூப்பிட்டுச் சொல்லும் அந்தப் புகார் லைன். உன் கம்பெனியின் லைனை வெளியே ஒரு நிறுவனம் நடத்துகிறது என்றாய். நல்லது. ஆனால் அங்கே போய்ச் சேர்ந்த புகார் திரும்பி யார் மேசைக்கு வருகிறது? அதை முதலில் கண்டுபிடி. கம்பெனி விதிமுறைப் புத்தகத்தில் எழுதியிருக்கும். தணிக்கைக் குழுவுக்குப் போனால் சரி. உன் மேனேஜரின் மேலதிகாரிக்குப் போய், அவரும் மேனேஜரும் சேர்ந்து பிரை போட்டு, கறி சுட்டு விருந்து சாப்பிடுகிறவர்கள் என்றால், வேறு வழி பார்க்க வேண்டும். நம் ஊர்க் கதையே இதுதான் கண்ணு. 1860-இல் ட்ரூரோ கப்பல் மெட்ராஸிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவந்து இறக்கிய நம் ஆட்கள் கரும்புத் தோட்டத்தில் பட்டதைச் சொல்ல இங்கே காது இல்லை. தோட்டத்தை விட்டு வெளியே போவதற்கே முதலாளியிடம் சீட்டு வாங்க வேண்டும். அடித்தவனிடமே போய், உன்னைப் பற்றிப் புகார் சொல்லப் போகிறேன், சீட்டுக் கொடு என்று எவன் கேட்பான்? 1871-இல் ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பியவர்கள் இந்தியாவில் போய் இறங்கிச் சொன்ன பிறகுதான் அது அரசாங்கத்தின் காதில் விழுந்தது. 1872-இல் இங்கே விசாரணைக் கமிஷன் வந்தது, அதன் பிறகு இந்தியர்களுக்கென்று ஒரு பாதுகாவலர் அதிகாரி வந்தார். அப்போதும் சீட்டுத் தொல்லை தீரவில்லை. இதை எல்லாம் என் ஆயா, தன் பாட்டி சொன்னதாகச் சொல்வாள். யார் காதில் போய் விழுகிறது என்பதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வது அதனால்தான்.

பெயரைச் சொல்வதா வேண்டாமா என்று கேட்டாய். என் மனதுக்கு, முதலில் பெயர் சொல்லாமல் கொடு. ஒரு எண் தருவார்கள், அதைப் பச்சை நோட்டில் எழுதாமல் வேறு இடத்தில் வை. அந்த எண்ணை வைத்துத் திரும்பக் கூப்பிட்டு அவர்கள் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லலாம். நாளைக்கு நீதான் சொன்னாய் என்று காட்ட வேண்டி வந்தாலும் அந்த எண் உதவும். அதே நேரம், உனக்கும் மேனேஜருக்கும் மட்டுமே தெரிந்த ஒரு விவரத்தைச் சொன்னால், பெயர் இல்லாமலே உன் பெயர் தெரிந்துவிடும். எழுதி முடித்து, அந்தாள் இதைப் படித்தால் யாரை நினைப்பான் என்று ஒருமுறை யோசி. பெயரோடு சொன்னால் வேறு ஒரு பலன்: விசாரிக்கப் போகிறார்களா இல்லையா என்று 21 நாளுக்குள் உனக்கு எழுத்தில் சொல்ல வேண்டும். முடிவெடுக்க முடியாவிட்டால் அதையும் சொல்ல வேண்டும். இரண்டில் எது என்று வக்கீலோடு பேசி முடிவு செய்.

கூப்பிடுவது உன் சொந்தப் போனில், ஆபீஸ் வைஃபை இல்லாத இடத்தில். கம்ப்யூட்டரில் எழுதினால் ஆபீஸ் லேப்டாப்பில் வேண்டவே வேண்டாம். யாரிடமும் சொல்லாதே. நல்ல சிநேகிதியாக இருந்தாலும் சொல்லாதே, அவளையும் சேர்த்துக் காப்பாற்றுகிறாய் என்று நினைத்துக்கொள்.

ஒருவேளை உன்னை நீக்கினால் 30 நாளுக்குள் சி.சி.எம்.ஏ.-வுக்கு, அதாவது வேலைத் தகராறுகளைத் தீர்த்துவைக்கும் அமைப்புக்குப் போக வேண்டும். நீக்காமல் வேறு விதத்தில் துன்பம் கொடுத்தால் 90 நாள். அங்கே மனு கொடுக்கக் காசு இல்லை. இப்படிச் சொன்னதற்காக நீக்கியது என்று நிரூபணமானால் 24 மாதச் சம்பளம் வரை நஷ்டஈடு கிடைக்கலாம். இந்த நாட்களைத் தவறவிடாதே. எனக்கு அன்றைக்கு இப்படி ஒரு வாசல் இருப்பதாக யாரும் சொல்லவில்லை.

வக்கீல் தம்பி இன்னொன்றும் சொன்னார். 2004-இல் வந்த லஞ்ச ஒழிப்புச் சட்டப்படி, 1 லட்சம் ரேண்டோ அதற்கு மேலோ மோசடி நடந்தது தெரிந்தால், பொறுப்பான பதவியில் இருக்கிறவர் போலீசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். அதனால் உன் புகார் தலைமைக்குப் போய்விட்டால், அவர்கள் சும்மா மூடி வைத்தால் அவர்களுக்கே ஆபத்து.

பத்திரிகைக்காரரிடம் போவதை இப்போது நினைக்காதே. வக்கீல், கம்பெனி லைன், அது காது கொடுக்காவிட்டால் சட்டம் பெயர் சொல்லும் வெளி அமைப்புகள், அதற்கும் பிறகுதான் மற்றது. அந்த வரிசையில் போகும் வரை உனக்குச் சட்டத்தின் குடை முழுசாக இருக்கும்.

அப்பாவோடு நேற்று இரவு மறுபடியும் பேசினேன். இந்த நோட்டு, வக்கீல் எல்லாம் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் எழுந்து போய், உன் வீட்டு வாசல் விளக்கு எரிகிறதா, கதவுக்கு இரண்டாவது தாழ்ப்பாள் இருக்கிறதா என்று கேட்டு எழுதச் சொன்னார். இல்லாவிட்டால் மாமா மகன் ஞாயிற்றுக்கிழமை மாட்டிக் கொடுப்பான், சாமான் அவனிடம் இருக்கிறது. ஆபீஸ் போகும் வழியையும் நேரத்தையும் அவ்வப்போது மாற்றிக்கொள். மிரட்டல் மாதிரி எது வந்தாலும் அன்றைக்கே போலீசில் சொல்லிக் கேஸ் நம்பர் வாங்கு, உடனே எங்களைக் கூப்பிடு. என் பழைய போனைப் புது சிம்மோடு பையில் வைத்திருக்கிறேன், அதில் எங்கள் நம்பர் மட்டும்தான் இருக்கிறது. தினமும் ராத்திரி எட்டு மணிக்கு அதில் கூப்பிடு.

புரட்டாசி முடியும் வரை இங்கே மரக்கறிதான். வீட்டுக் கறிவேப்பிலையும் கொஞ்சம் காகிதத்தில் சுற்றி வைத்திருக்கிறேன், வந்ததும் பிரிட்ஜில் வை. தீபாவளிக்கு வா. வேலை இருந்தாலும் வா, இல்லாவிட்டாலும் வா, உன் அறையில் கட்டில் அப்படியே இருக்கிறது.

உன் அம்மா