பேட்ஜ் இல்லாதவர்களின் கணக்கு

ஆசிரியருக்கு,

வணக்கம். அமெரிக்காவில் அணுகுண்டுச் சோதனையால் நோய் வந்தவர்களுக்கு ஒரு லட்சம் டாலர் இழப்பீடு என்று தங்கள் இதழில் வந்த குறிப்பைப் படித்தேன். தொகையைத் தலைப்பில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தீர்கள். எனக்கென்னவோ தொகையில் கண் நிற்கவில்லை.

31 வருடம் எக்ஸ்ரே அறையில் வேலை பார்த்தவன் நான். சட்டையில் டி.எல்.டி. பேட்ஜ் இல்லாமல் உள்ளே கால் வைத்ததில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதைக் கழற்றி அனுப்பினால், என் உடம்பு வாங்கிய கதிர்வீச்சு இவ்வளவு என்று கணக்கு வந்துவிடும். நாளை எனக்கு ஏதாவது வந்தால் எடுத்து நீட்ட ஒரு காகிதம் இருக்கிறது.

1945 ஜூலை 16 விடியற்காலையில் உலகின் முதல் அணுகுண்டு நியூ மெக்சிகோவில் வெடித்தபோது, அந்தச் சுற்றுவட்டாரப் பண்ணைக்காரர்களிடம் என்ன இருந்தது? கூரையில் விழும் மழைநீரைத் தொட்டியில் பிடித்துக் குடித்துவந்தவர்கள் அவர்கள். சாம்பல் விழுந்ததும் அதே கூரையில்தான். வெடிமருந்துக் கிடங்கு ஒன்று வெடித்துவிட்டது என்று சொல்லி ராணுவம் முடித்துக்கொண்டது.

1990ல் வந்த இழப்பீட்டுச் சட்டத்தை ஒரு விஷயத்துக்காக மெச்சத்தான் வேண்டும். 'இந்தக் கதிர்வீச்சால்தான் உனக்குப் புற்றுநோய் வந்தது என்று நிரூபி' என்று அது கேட்கவில்லை. யாராலும் முடியாத காரியம் அது. குறித்த மாவட்டத்தில் குறித்த காலத்தில் குடியிருந்து, பட்டியலில் உள்ள நோய் வந்திருந்தால் போதும். தேசத்தின் சார்பில் மன்னிப்பும் சட்டத்திலேயே எழுதியிருந்தது. சோதனைக் காற்று அடித்த பக்கம் வசித்தவர்களுக்கு 50,000 டாலர், குண்டுக்கு வேண்டிய யுரேனியத்தை வெட்டிய சுரங்கத் தொழிலாளிக்கு ஒரு லட்சம்.

கோளாறு வரைபடத்தில். பின்னாளில் நெவாடாவில் நடந்த அணுகுண்டுச் சோதனைகளுக்காக யூட்டா, நெவாடா, அரிசோனா மாநிலங்களின் சில மாவட்டங்கள் உள்ளே வந்தன. முதல் குண்டின் சாம்பலைக் குடித்த நியூ மெக்சிகோக்காரர்கள் வெளியே. அவர்களை உள்ளே சேர்க்க 2025 ஜூலை வரை, 35 வருடம் ஆனது. அதற்குள் எத்தனை பேர் போய்ச் சேர்ந்தார்களோ.

வரைபடத்துக்குள் இருந்தவர்களுக்கும் எல்லாம் லேசாக நடக்கவில்லை. நவஹோ பழங்குடியினர் காற்றோட்டமில்லாத சுரங்கங்களில் யுரேனியம் வெட்டினார்கள். தாது தூசி படிந்த துணியோடு வீட்டுக்கு வந்தார்கள். மனைவிமார் அந்தத் துணியைக் கையால் துவைத்தார்கள். கணவன் நுரையீரல் புற்றுநோயில் இறந்தபின் இழப்பீடு கேட்டுப் போனவளிடம் முதலில் கேட்டது திருமணச் சான்றிதழ். தங்கள் குல வழக்கப்படி கல்யாணம் செய்துகொண்டவள் எந்தப் பதிவேட்டைக் காட்டுவாள்? நம் ஊர்த் தாலுகா அலுவலக வாசலில் வாரிசுச் சான்றிதழுக்காக நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

2024 ஜூனில் சட்டமே காலாவதியாகிப் போனது. ஒரு வருடம் கழித்து உயிர் கொடுத்து, காற்றுப் பக்கத்தாருக்கும் ஒரு லட்சமாக உயர்த்தினார்கள். அதிலும் ஒரு கெடு: 2027 டிசம்பர் 31க்குள் விண்ணப்பிக்க வேண்டும். கதிர்வீச்சால் வரும் புற்றுநோய் சிலருக்கு நாற்பது, ஐம்பது வருடம் கழித்தும் தலைகாட்டும். 2028 பொங்கலுக்குப் பிறகு கட்டி தெரியவந்தால் அவர் எங்கே போய் நிற்பார்?

அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது, அந்தத் தேதியைத் தலைப்பில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற எக்ஸ்ரே டெக்னீஷியன்,
விருதுநகர்.