கேட்டது 6 சர்வர், ஓடியது 18: அக்டோபர் மாத பில் குறித்த புகார்

ஈரோடு,
05.11.2025

அனுப்புநர்:
உரிமையாளர்,
ஜவுளிக் கடை பில்லிங் மென்பொருள் நிறுவனம்,
ஈரோடு.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு,
சர்வர் வாடகைக்குத் தரும் கிளவுட் நிறுவனம்,
சென்னை.

பொருள்: உங்கள் ஏபிஐ (நிரல்கள் நேரடியாக உங்களிடம் சர்வர் கேட்கும் வழி) கோளாறால் உருவாகி, யாருக்கும் பயன்படாமல் 25 நாள் ஓடிய 12 சர்வர்களுக்கு வசூலித்த ரூ.21,523.20-ஐத் திருப்பித் தரக் கோருதல்.

ஐயா / அம்மா,

வணக்கம். நவம்பர் 1 அன்று நான் போட்ட புகார் டிக்கெட்டுக்கு 3-ஆம் தேதி மூன்று வரியில் பதில் வந்தது. பதில் வந்த கையோடு டிக்கெட்டையும் மூடிவிட்டார்கள். அதனால்தான் இந்தக் கடிதம். தமிழில் சேவை உண்டு என்று உங்கள் விளம்பரத்திலேயே போட்டிருக்கிறீர்கள். எனவே தமிழிலேயே எழுதுகிறேன்.

எங்களுடையது மூன்று பேர் கம்பெனி. நான், என் தம்பி, கணக்கு பார்க்கும் ஒரு பெண். ஈரோட்டு ஜவுளிக் கடைகளுக்கு பில் போடும் மென்பொருள் எங்களுடையது. கனி மார்க்கெட் வாரச் சந்தை திங்கள் இரவு கூடி, செவ்வாய் முழுக்க நடக்கும். கேரளா, ஆந்திரா, கர்நாடகா என்று வெளியூர் வியாபாரிகள் மொத்தக் கொள்முதலுக்கு இறங்குவது அப்போதுதான். வாரத்தின் மற்ற நாட்களில் எங்களுக்கு 2 சர்வர் தாராளம். சந்தை நேரத்தில் மட்டும் 8 வேண்டும். இதற்காகத் தம்பி ஒரு ஸ்கிரிப்ட் (தானாக ஓடும் சிறு நிரல்) எழுதினான். திங்கள் மாலை 4 மணிக்கு அது உங்கள் ஏபிஐயைக் கூப்பிட்டு 6 சர்வர் கேட்கும். வந்த சர்வர்களின் ஐடிகளை (அடையாள எண்களை) ஒரு ஃபைலில் குறித்துக்கொள்ளும். பிறகு ஆன்சிபிள் என்ற தானியங்கி நிறுவல் கருவி அவற்றில் எங்கள் மென்பொருளை நிறுவும். புதன் காலை 6 மணிக்கு, குறித்து வைத்த ஐடிகளைப் பார்த்து ஆறையும் அழித்துவிடும். மணிக்கு ரூ.2.50 வீதம் 38 மணி நேரம், ஆறுக்கும் சேர்த்து வாரம் ரூ.570. இதற்காகத்தான் உங்களிடம் வந்தோம். இரண்டு வருடம் ஒரு குறையும் சொன்னதில்லை.

அக்டோபர் 6, திங்கட்கிழமை. ஆறில் இரண்டு சர்வர் உடனே கிடைத்துவிட்டன. மற்ற நான்குக்கும் சரியாக 60 நொடி கழித்து உங்கள் கேட்வே (கோரிக்கைகளை வாங்கி உள்ளே அனுப்பும் வாசல்) 504 என்று பதில் சொன்னது. பின்னால் இருக்கும் இயந்திரத்திடமிருந்து நேரத்துக்குப் பதில் வரவில்லை என்பது அதற்குப் பொருள். 504 வந்தால் சற்றுப் பொறுத்து மூன்று முறை வரை மறுபடி கேளுங்கள் என்று உங்கள் ஆவணத்திலேயே மாதிரி நிரலோடு போட்டிருக்கிறீர்கள். தம்பி அதைத்தான் அப்படியே எடுத்து எழுதியிருந்தான். ஒவ்வொன்றுக்கும் மூன்று முறை 504 வந்தது, கடைசி முயற்சியில் ஐடி கிடைத்தது. ஆக எங்கள் கையில் 6 ஐடி. உங்கள் கட்டடத்திலோ 18 சர்வர்!

இதை ஊகத்தில் சொல்லவில்லை. எங்கள் ஸ்கிரிப்டின் லாகில் (நடந்ததைக் குறிக்கும் பதிவில்) மாலை 4:02:11-க்குக் கோரிக்கை போயிருக்கிறது, 4:03:11-க்கு 504 வந்திருக்கிறது. உங்கள் தளத்தில் சர்வர்களைக் காட்டும் டாஷ்போர்டில் அதே பெயருள்ள சர்வர் உருவான நேரம் 4:04:37. "முடியவில்லை" என்று எங்களிடம் போனை வைத்த பிறகு, 86 நொடி கழித்து உள்ளே அதைச் செய்து முடித்திருக்கிறீர்கள். மற்ற பதினொன்றும் இதே கதைதான். 12 ஜோடி நேரங்களையும் இத்துடன் இணைத்திருக்கிறேன், ஒப்பிட்டுப் பாருங்கள்.

புதன் காலை ஸ்கிரிப்ட் தனக்குத் தெரிந்த ஆறை அழித்துவிட்டு "6 அழிக்கப்பட்டன" என்று எழுதி முடித்துக்கொண்டது. பெயர் தெரிந்தும் ஐடி தெரியாத 12 சர்வர்கள் அநாதைகளாக நின்றுவிட்டன.

டாஷ்போர்டைத் திறந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்குமே என்கிறீர்கள். உண்மைதான். ஆனால் டாஷ்போர்டைத் திறக்காமல் இருப்பதற்குத்தானே ஐயா ஸ்கிரிப்ட் எழுதினோம்? தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்த நேரம் அது. ஜவுளிக்காரர்களோடு தொழில் செய்கிறவர்களுக்கு அந்த இரண்டு வாரம் எப்படிப் போகும் என்று சொல்லத் தேவையில்லை. அப்படியும் மாதச் செலவு ரூ.8,000-ஐத் தாண்டினால் மின்னஞ்சல் வர வேண்டும் என்று உங்கள் தளத்தில் முன்பே அமைத்து வைத்திருந்தேன். அந்த எச்சரிக்கை நவம்பர் 1, அதிகாலை 3:12-க்கு, பில்லோடு சேர்ந்து வந்தது. வீடு எரிந்து முடிந்த பிறகு மணி அடித்தால் யாருக்கு லாபம்?

உங்கள் ஆளே கண்டுபிடித்திருக்கக்கூடிய ஒரு சந்தர்ப்பமும் வந்தது. அதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. அக்டோபர் 13, தீபாவளிக்கு முந்தைய கடைசிச் சந்தை. அன்றைக்கு மட்டும் 10 சர்வர் கேட்டோம். ஆறு வந்ததும் வரம்பு தாண்டிவிட்டது என்று உங்கள் ஏபிஐ நின்றுவிட்டது. எங்கள் கணக்கின் சர்வர் வரம்பு 20. எங்களிடம் ஏற்கனவே இருப்பதாக நாங்கள் நினைத்தது 2. அப்புறம் எப்படி இடிக்கிறது என்று எனக்கு ஒரு நொடி தோன்றியது, ஆனால் கையில் இரண்டு போனும் ஒரே சமயத்தில் அடித்துக்கொண்டிருந்தன. மாலை 4:20-க்கு உங்கள் சாட்டில் எழுதினேன். நாலரை மணி நேரம் ரோபோ "உங்கள் கேள்வி எங்களுக்கு முக்கியம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தது. இரவு 8:50-க்கு ஒரு மனிதர் வந்தார். பண்டிகை நேரம் சார், எல்லாரும் கேட்கிறாங்க என்று சொல்லி, ஐந்தே நிமிடத்தில் வரம்பை 30 ஆக்கிக் கொடுத்தார். வரம்பை மாற்றும் அந்தத் திரையில், எங்கள் கணக்கில் 14 பழைய சர்வர் ஓடுகிறது என்று எண் தெரியாமலா இருந்திருக்கும்? "சார், ஒரே பெயரில் மூணு மூணு ஓடுதே, தெரிஞ்சுதானா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் விஷயம் அன்றே முடிந்திருக்கும்.

அதற்குள் கடைகளில் ஒரு பில் அச்சாக 40 நொடி ஆகத் தொடங்கியிருந்தது. வெளிமாநிலத்துக்கு 50,000 ரூபாய்க்கு மேல் சரக்கு போனால் இ-வே பில் (சரக்கோடு போக வேண்டிய ஜிஎஸ்டி மின்னணுச் சீட்டு) இல்லாமல் வண்டி கிளம்பாது. மூட்டை ஏற்றி முடித்த வண்டி பில்லுக்காகத் தெருவில் நிற்கிறது. ஒரு கடைக்காரர் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, உங்க கம்ப்யூட்டர ஓரமா வெச்சுட்டு நான் பில் புக்க எடுத்துட்டேன்" என்றார். அவர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்த இரவுக்கான நஷ்டத்தை நான் உங்களிடம் கேட்கவில்லை. அதை எப்படிக் கணக்குப் போடுவது என்று எனக்கே தெரியாது.

நவம்பர் 1 காலை பில்லைப் பார்த்ததும், அழிப்பதற்கு முன் அந்தப் பன்னிரண்டில் ஒன்றுக்குள் நுழைந்து பார்த்தேன். 25 நாள் 18 மணி நேரமாக ஓடுகிறது, வேலைப்பளு 0.00. எங்கள் மென்பொருள் அதில் இல்லை. நீங்கள் கொடுத்த வெறும் உபுண்டு இயங்குதளம், உள்ளே நுழைவதற்கான எங்கள் எஸ்எஸ்ஹெச் சாவி, அவ்வளவுதான். லாகின் பதிவேட்டைத் திறந்தால் பக்கம் பக்கமாக எங்கெங்கிருந்தோ ரூட் (முழு அதிகாரமுள்ள கணக்கு) கடவுச்சொல்லை ஊகித்துப் பார்த்தவர்களின் வரிகள். இணையத்தில் யாரும் தட்டக்கூடிய பொது ஐபி முகவரியோடு, கவனிப்பார் இல்லாமல் 12 இயந்திரம் இப்படி வாசலைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருக்கிறது. சாவி இல்லாமல் நுழைய முடியாத அமைப்பு என்பதால் தப்பித்தோம். ஒரு நாளாவது இவை ஏதாவது வேலை பார்த்தனவா என்பதற்கு உங்கள் சிபியு வரைபடமே சாட்சி. பன்னிரண்டுக்கும் கோடு தரையோடு தரையாகக் கிடக்கிறது.

இனி உங்கள் பதிலுக்கு வருகிறேன். "உங்கள் டோக்கனிலிருந்து வந்த முறையான கோரிக்கைகளின் பேரிலேயே சர்வர்கள் உருவாக்கப்பட்டன" என்கிறது முதல் வரி. டோக்கன் என்பது எங்கள் ஸ்கிரிப்ட் உங்களிடம் காட்டும் அடையாளச் சாவி. டீக்கடையில் ரெண்டு டீ சொல்கிறோம். பதில் இல்லை. மறுபடி சொல்கிறோம். "பால் இல்லீங்க" என்கிறார்கள். மூன்றாவது தடவை சொன்னதும் ரெண்டு டீ வருகிறது. கிளம்பும்போது ஆறு டீக்குக் காசு கேட்டால் எந்தக் கடையில் கொடுப்பார்கள்?

இது தீர்வு இல்லாத பிரச்சினையும் கிடையாது. அமேசானின் சர்வர் வாடகைச் சேவையான இசி2-வில் சர்வர் கேட்கும்போது கிளையன்ட் டோக்கன் என்று அந்தக் கோரிக்கைக்கான அடையாளக் குறி ஒன்றைச் சேர்த்து அனுப்பலாம். அதே டோக்கனோடு அதே கோரிக்கை மறுபடி வந்தால் புது சர்வர் பிறக்காது, முதலில் உருவானதன் விவரமே திரும்ப வரும். அதுகூட வேண்டாம். வேலை முடிய நேரமாகும் என்றால் 504-க்குப் பதிலாக 202 (கோரிக்கை ஏற்கப்பட்டது) என்று சொல்லி, ஒரு வேலை எண்ணைக் கையில் கொடுங்கள். அதை வைத்து நாங்கள் கேட்டுக்கொண்டே இருப்போம். உங்கள் ஏபிஐயில் இரண்டும் இல்லை. ஒரே பெயரில் நாலு சர்வர் கேட்டாலும் ஏன் என்று கேட்பதில்லை.

டெராஃபார்ம் என்ற சர்வர் மேலாண்மைக் கருவியில் எழுதியிருந்தால் இது நடந்திருக்காது என்று தொலைபேசியில் பேசிய உங்கள் ஆள் தம்பியிடம் சொன்னாராம். டெராஃபார்மும் தன் ஸ்டேட் ஃபைலில் (தான் உருவாக்கியவற்றின் பட்டியலில்) இருப்பதைத்தான் அறியும். ஐடியே கொடுக்காமல் நீங்கள் உருவாக்கிய சர்வரை அது எந்த மந்திரத்தால் ஸ்டேட் ஃபைலில் எழுதும்? சொன்னவரைக் கேட்டுச் சொல்லுங்கள்.

தவறு எல்லோருக்கும் வரும். தீபாவளியன்று, அக்டோபர் 20, அமேசானின் வர்ஜீனியா சர்வர் பகுதியே விழுந்தது. அவர்களுடைய டிஎன்எஸ் (பெயரை முகவரியாக மாற்றும் அமைப்பு) வேலையைத் தானாகப் பார்க்கும் நிரலின் இரண்டு பிரதிகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு டைனமோடிபி என்ற தரவுத்தளச் சேவையின் முகவரிப் பதிவையே காலி செய்துவிட்டன. அதைச் சரிசெய்த பிறகும் பல மணி நேரம் புது இசி2 சர்வர் எழும்பவில்லை. இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? எந்த நிரல், எந்த வரிசையில், ஏன் தவறியது என்று அவர்களே விலாவாரியாக எழுதி வெளியிட்டார்கள். அக்டோபர் 6 மாலை 4 மணிக்கு உங்கள் பக்கம் என்ன நடந்தது என்று நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. சேவை நிலையைக் காட்டும் உங்கள் பக்கத்தில் அந்த நாள் முழுக்கப் பச்சை, அதாவது கோளாறே இல்லை.

பணக் கணக்கு இது. 12 சர்வர், அக்டோபர் 6 மாலை 4 முதல் 31 நள்ளிரவு வரை 608 மணி நேரம், மணிக்கு ரூ.2.50. மொத்தம் ரூ.18,240. ஜிஎஸ்டி 18 சதவீதம் ரூ.3,283.20. ஆக ரூ.21,523.20. நவம்பர் 1 காலை 10 மணிக்கு நான் அழிக்கும் வரை ஓடிய கணக்கில் இன்னொரு ரூ.300-ம் வரியும் அடுத்த பில்லில் வரும், அதையும் நீக்க வேண்டும். நல்லெண்ண அடிப்படையில் என்று நீங்கள் அனுப்பிய மூன்று மாதச் செல்லுபடி 500 ரூபாய் கூப்பனை நான் பயன்படுத்தவில்லை, பயன்படுத்தப் போவதும் இல்லை. எனக்கு வேண்டியது முறையான கிரெடிட் நோட் (பில் தொகையைக் குறைத்துத் தரும் ஆவணம்). அந்த பில்லுக்கான உள்ளீட்டு வரிக் கழிவை இன்னும் எடுக்கவில்லை. 20-ஆம் தேதி ஜிஎஸ்டி 3பி படிவம் தாக்கல் செய்ய வேண்டும், அதற்குள் வந்தால் இருவருக்கும் வேலை மிச்சம். வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் இதே இணைப்புகளோடு பதிவு செய்வேன்.

இன்னொன்றும் எழுத்தில் வேண்டும்: மறுமுயற்சி பற்றிய அந்த மாதிரி நிரலை உங்கள் ஆவணத்திலிருந்து எப்போது எடுக்கப் போகிறீர்கள்? அதைப் பார்த்து எழுதியவன் என் தம்பி ஒருவன் மட்டுமாக இருக்க முடியாது.

இந்த வாரம் திங்கட்கிழமை ஸ்கிரிப்டை நிறுத்தி வைத்தோம். கணக்கு பார்க்கும் பெண் உங்கள் டாஷ்போர்டில் உட்கார்ந்து ஆறு சர்வரையும் கையால் கிளிக் செய்து உருவாக்கினாள். ஐடிகளை நோட்டில் எழுதி, இரண்டு முறை எண்ணிப் பார்த்தாள். 50 நிமிடம் ஆனது. இன்று காலை 6 மணிக்கு அலாரம் வைத்து எழுந்து ஒவ்வொன்றாக அழித்ததும் அவள்தான். உங்கள் பதில் வரும் வரை இப்படித்தான் நடக்கும்.

இப்படிக்கு,
உரிமையாளர்