மாமாவைப் பேய் அடிக்கவில்லை, அம்மா

கவெண்ட்ரி, இங்கிலாந்து,
நவம்பர் 10, திங்கள் இரவு

அன்புள்ள அம்மாவுக்கு,

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். மாமா நன்றாக இருக்கிறார். இந்த நிமிஷம் மாடி ரூமில் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு குறட்டை விடுகிறார். அவரைப் பேயும் அடிக்கவில்லை, போலீஸும் பிடிக்கவில்லை. தென்காசிச் சித்தி குரூப்பில் போட்டதில் பாதிதான் நிஜம். நேற்று நீ போனில் அழுததிலிருந்து எனக்கு ஒரு வேலை ஓடவில்லை. போனில் விளக்கலாம் என்றால் நீ பாதியிலேயே அழ ஆரம்பித்துவிடுகிறாய், மாமாவும் பக்கத்தில் நின்று குறுக்கே பேசுகிறார். அதனால்தான் எழுதுகிறேன். போட்டோ எடுத்து இன்றே அனுப்புகிறேன், தாள் தபாலில் வரும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படி.

இங்கே அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமையோடு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைத்துவிட்டார்கள். இனி உனக்கும் எனக்கும் ஐந்தரை மணி நேரம் வித்தியாசம். நாலரை மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. காலையில் நான் முதியோர் இல்லத்துக்கு வேலைக்குக் கிளம்பும்போதும் இருட்டு, திரும்பும்போதும் இருட்டு. புளியரை வயலில் நவம்பர் மழை விட்டதும் மலை அப்படியே பக்கத்தில் வந்து நிற்குமே, அந்த வெளிச்சத்துக்கு மனசு ஏங்குகிறது.

மாமா வந்து இரண்டு மாதம் ஆகிறது. உன் தம்பியைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வந்த மூன்றாம் நாள் கடுகு தாளித்தார். புகைக்குக் கூவுகிற அலாரம் கூவிற்று. ஸ்டூல் போட்டு ஏறி அதன் பேட்டரியைக் கழற்றி டார்ச்சில் போட்டுக்கொண்டார். வாடகை வீடு, அதைக் கழற்றக் கூடாது என்று சொல்லி நான் திரும்ப மாட்டினேன், மறுநாள் ரசத்துக்கு மறுபடி கழற்றினார். வேட்டியைத் துவைத்து வாசல் வேலியில் காயப் போட்டார். பக்கத்து வீட்டுக் கிழவரின் கேட் கிறீச்சிட்டது என்று கேட்காமலே போய் எண்ணெய் விட்டார். நாற்பது வருஷம் செங்கோட்டையிலும் ஆரியங்காவிலும் தென்மலையிலும் வயரிங், மோட்டார் வேலை பார்த்த கை, சும்மா இருக்கமாட்டேன் என்கிறது.

சரி, பேய் விஷயத்துக்கு வருகிறேன். என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் ஒரு பேய் தேடும் குழுவில் இருக்கிறார். நம் பக்கம் பேயை ஓட்டத்தானே காசு செலவழிப்போம்? இவர்கள் பேயைப் பார்க்க ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு போட்டு, சனிக்கிழமை ராத்திரி பழைய கட்டிடங்களில் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். விளையாட்டில்லை அம்மா, அத்தனை சிரத்தை. ஒவ்வொரு சத்தத்துக்கும் மணி குறித்து நோட்டில் எழுதுகிறார்கள். தலைவி ஓய்வுபெற்ற ஒரு டீச்சர். ஆவி விஷயங்களை முறையாக ஆராய லண்டனில் 1882-லேயே ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள், இன்றும் நடக்கிறது என்று அவர்தான் சொன்னார். மாமா வீட்டில் அடைந்து கிடக்கிறாரே, நாலு பேரைப் பார்க்கட்டும் என்று நான்தான் கூட்டிப்போனேன். அது என் தப்புதான்.

போன இடம் ஒரு பழைய பப். மேலே கடை, கீழே பீர் பீப்பாய் வைக்கும் நிலவறை. அங்கே யாரோ முனகுகிற சத்தம் கேட்கிறதாம், பின்கழுத்தில் சில்லென்கிறதாம், நெஞ்சை அமுக்குகிறதாம். குழுவினர் சாமான்களை எடுத்து வைத்தார்கள். டிவி ரிமோட் மாதிரி ஒரு மீட்டர், பச்சையிலிருந்து சிவப்பு வரை ஐந்து விளக்கு, பக்கத்தில் மின்காந்தப் புலம் இருந்தால் எரியும். கொரோனா சமயத்தில் நெற்றிக்கு நேரே நீட்டினார்களே, அந்தத் துப்பாக்கி போல ஒரு தெர்மாமீட்டர். ஒரு குரல் ரெக்கார்டர். எல்லாரும் வட்டமாக உட்கார்ந்ததும் விளக்கை அணைத்தார்கள்.

ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது. மீட்டர் சிவப்பு வரை எரிந்தது. "யார் வந்திருக்கிறீர்கள்?" என்று டீச்சர் மெதுவாகக் கேட்டார். யாருக்கும் மூச்சே வரவில்லை. இருட்டுக்குள்ளிருந்து மாமா தமிழில், "ஏல மருமகனே, என் பாக்கெட்டுல போன் அடிக்குடே" என்றார். தென்காசிச் சித்திதான் கூப்பிட்டிருக்கிறார்! போனை அணைத்தோம், மீட்டரும் அணைந்தது.

அப்புறம் தெர்மாமீட்டரை நீட்டி, இந்தச் சுவரில் மட்டும் குளிர் என்றார்கள். மாமா என்னை மொழிபெயர்க்கச் சொன்னார். இந்தத் துப்பாக்கி காற்றின் சூட்டைச் சொல்லாது, புள்ளி விழுகிற சுவரின் சூட்டைத்தான் சொல்லும். பீருக்காக இந்த அறையையே பன்னிரண்டு டிகிரி பக்கத்தில் குளிர வைத்திருக்கிறார்கள், மெஷின் காற்று நேரே அந்தச் சுவரில்தான் அடிக்கிறது என்றார். சொல்லிக்கொண்டே வெற்றிலை துப்ப இடம் தேடிப் பின்கதவைத் தள்ளினார். அது அவசரக் கதவு. தெருவே எழுந்திருக்கிற மாதிரி அலாரம் அடித்தது. யாரோ போன் போட்டு ஒரு போலீஸ் கார் வந்தது. இரண்டு பேர் இறங்கி எட்டிப் பார்த்தார்கள், மாமா கையெடுத்துக் கும்பிட்டார், அவர்களும் சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள். சித்தி சொன்ன போலீஸ் இவ்வளவுதான்.

மறுபடி உட்கார்ந்து ரெக்கார்டரைப் போட்டுக் கேட்டார்கள். அதில் ஒரு கரகரத்த குரல் மூன்று தடவை ஏதோ சொல்லிற்று. ஒருவர் லத்தீன் என்றார், இன்னொருவர் பழைய ஆங்கிலம் என்றார். டீச்சர் நோட்டில் எழுத்துக்கூட்டி எழுதிக்கொண்டே என்னைப் பார்த்தார். "சுண்ணாம்பு எங்க வச்சேன், சுண்ணாம்பு எங்க வச்சேன்" என்று மாமா இருட்டில் மடியைத் தடவிக்கொண்டே முனகியதுதான் அது. நான் சொன்னதும் அந்த அம்மாள் கண்ணில் நீர் வரச் சிரித்தார். என்ன இருந்தாலும் பெரிய மனசு.

ஆனால் முனகல் மட்டும் நிஜமாகவே இருந்தது. நானும் கேட்டேன். காதில் விழுந்தும் விழாமலும், நெஞ்சுக்கூட்டில் ஏதோ ஊர்கிற மாதிரி. மாமா பேச்சை நிறுத்திவிட்டு உள்ளங்கையைச் சுவரில் வைத்தார். அப்படியே தடவிக்கொண்டு குளிர் மெஷின் வரை போனார். மோட்டார் தொட்டியில் கை வைத்துப் பார்ப்பாரே, அதே மாதிரி கண்ணை மூடிக்கொண்டு. ஃபேன் மாட்டியிருந்த சட்டம் ஒரு பக்கம் தளர்ந்திருந்தது. தன் ஹவாய் செருப்பின் குதிகாலை வெற்றிலைக் கத்தியால் ஒரு விரல் அகலம் அறுத்தார், சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே செருகினார். முனகல் நின்றது. பட்டென்று அத்தனை அமைதி! எல்லாரும் கை தட்டினார்கள்.

டீச்சர்தான் அப்போது இந்த ஊரிலேயே நடந்த ஒன்றைச் சொன்னார். விக் டாண்டி என்று ஒரு பொறியாளர். ராத்திரி ஆய்வுக்கூடத்தில் தனியாக இருந்தபோது உடம்பு வேர்த்து, ஓரக்கண்ணில் சாம்பல் நிறத்தில் ஏதோ நிற்கிற மாதிரி தெரிந்ததாம். மறுநாள் வாள்சண்டை வாள் ஒன்றை இடுக்கியில் மாட்டி வைத்திருக்கிறார், யாரும் தொடாமலே அது அதிர்ந்தது. தேடிப் பார்த்தால் புதிதாகப் போட்ட ஒரு ஃபேன்! விநாடிக்கு 19 தரம் அதிர்கிற ஒலி. மனிதக் காது 20-க்குக் கீழே கேட்காது, ஆனால் உடம்புக்குத் தெரியும் என்று 1998-ல் கட்டுரை எழுதினார். மாமாவுக்கு ஒரே சந்தோஷம். "நம்ம வீட்டுக் கரண்டு அம்பது, இது பத்தொம்பது, அவ்வளவுதானே" என்றார்.

அந்தச் சந்தோஷம் விடியும்வரைதான் இருந்தது. ஞாயிறு காலையில் காப்பியைத் தொடவில்லை. "அந்தப் பொம்பளை மூஞ்சி சரியில்லடே" என்றார். பப்பை நடத்துகிற பாட்டியம்மாளைச் சொல்கிறார். எல்லாரும் கை தட்டும்போது அந்த அம்மாள் மட்டும் படியில் நின்று, கைப்பிடியைப் பிடித்தபடி கீழே காது கொடுத்துக்கொண்டிருந்தாராம். நான் கவனிக்கவே இல்லை. மத்தியானம் பஸ் ஏறி இரண்டு பேரும் போனோம். மாமா கேட்கச் சொன்னார், நான் கேட்டேன். அவர் வீட்டுக்காரர் பீப்பாய் மாற்றும்போதெல்லாம் வாய்க்குள்ளேயே பாட்டு முனகுவாராம். இறந்து நாலு வருஷம். ராத்திரி கடை அடைத்ததும் இந்த அம்மாள் கொஞ்ச நேரம் படியில் உட்கார்ந்துவிட்டுத்தான் படுக்கப் போவாராம்.

மாமா ஒரு வார்த்தை பேசவில்லை. கீழே இறங்கினார், சட்டம் விழாதபடி போல்ட்டை மட்டும் ஒரு சுற்று முறுக்கினார், செருப்புத் துண்டை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். முனகல் திரும்ப வந்தது. அந்த அம்மாள் எங்களுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தார். மாமா அதில் நாலு கரண்டி சர்க்கரை போட்டுக்கொண்டதை அவர் ஒன்றும் சொல்லவில்லை.

திரும்பும்போது இருட்டிவிட்டது. கால்வாய் ஓரமாக நடந்தால் வீடு கிட்டே. மாமா வரமாட்டேன் என்று நின்றுவிட்டார். அங்கே ஒரு பெரிய மரம் இருக்கிறது. தாத்தா ஆரியங்காவு வழியில் வண்டி ஓட்டிப்போனபோது, பாலை மரத்தடியில் யட்சி சுண்ணாம்பு கேட்டாளே, கத்தி நுனியில் வைத்து நீட்டித் தப்பித்தாரே, அந்தக் கதையை நடுரோட்டில் நின்று முழுதாகச் சொன்னார். வெள்ளைக்காரன் பேய் எல்லாம் எர்த் கோளாறு, நம்ம யட்சி அப்படியில்லை என்கிறார். இடுப்பில் ஒரு இரும்பு ஆணி வைத்திருக்கிறார், தெரியுமா? திருவனந்தபுரத்தில் விமானம் ஏறும்போது அதைப் பெட்டியில் போட வைக்க நான் போனிலேயே எவ்வளவு கெஞ்சினேன்! சுற்று வழியாகவே நடந்து வந்தோம்.

ஒரு விஷயம் அம்மா. அப்பா போனதிலிருந்து பின்கட்டு ரூமில் விடியற்காலையில் யாரோ கனைக்கிற மாதிரி இருக்கிறது என்று சொன்னாயே. மாமாவிடம் சொன்னேன். பக்கத்து வீட்டு மோட்டார் நின்றதும் பைப்பில் காற்று ஏறி அப்படிக் கனைக்கும், ஒரு வால்வு மாற்றினால் போதும் என்றார். உனக்குப் பயமாக இருந்தால் வந்த அன்றைக்கே மாற்றித் தருவார். பயமில்லை, அது இருக்கட்டும் என்றால் அதையும் அவரிடம் சொல்லிவிடு. நீ சொல்லாமல் கை வைக்கமாட்டேன் என்று நேற்று ராத்திரி அவராகவே சொன்னார்.

டிசம்பர் 12 காலையில் திருவனந்தபுரத்தில் இறங்குவார். கார் அனுப்ப வேண்டாமாம். கொல்லம் போய் ரயிலில்தான் வருவாராம், பதிமூன்று கண் பாலத்தைப் பார்த்து நாளாகிவிட்டதாம். செங்கோட்டை ஸ்டேஷனுக்குத் தம்பியை அனுப்பு. வரும்போது ஒரு ஜோடி ஹவாய் செருப்பும் கொண்டுவரச் சொல்லு, மாமாவுக்கு ஒன்பதாம் நம்பர்.

உன் மகன்