பேன்ஹேண்டில் பக்கம் எங்களுக்கு வழி காட்டுனவங்களுக்கு

எல்லாருக்கும் வணக்கம். அமெரிக்காவுல நெப்ராஸ்கா மாநிலத்தோட மேற்கு ஓரத்துக்கு, பேன்ஹேண்டில்னு சொல்ற பக்கத்துக்கு, ரெண்டு பிள்ளைங்களோட குடிவந்து ஒரு ஸ்கூல் வருஷம் முடிஞ்சிருச்சு, நன்றி சொல்லணும் சொல்லணும்னு தள்ளிப்போட்டு இன்னிக்குத்தான் உக்காந்து எழுதுறேன்.

முதல்ல டென்வர் அக்காவுக்கு. வீடு பாக்குறதுக்கு முன்னாடி ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட், அதாவது அந்த வீடு எந்தப் பள்ளி நிர்வாகத்தோட எல்லைக்குள்ள வருது, எதுன்னு கேளுன்னு நீங்க சொன்னப்ப எனக்குப் புரியவே இல்லக்கா. தபால் அட்ரஸ்ல என்ன ஊர் இருக்கோ அதுதான் ஸ்கூலும்னு நெனச்சிருந்தேன். இங்க டிஸ்ட்ரிக்ட் எல்லை ஊர் எல்லையோட முடியுறதில்ல, வயல்காடு மேய்ச்சல் நிலமெல்லாம் தாண்டி ஓடுது, கியரிங்குக்கும் பேயர்டுக்கும் நடுவுல நாங்க பாத்த வீட்டுக்கு அட்ரஸ்ல ஒரு ஊர், ஸ்கூல் வேற ஊர்! கவுன்ட்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) அசெஸர் ஆபீஸ்ல, அதாவது சொத்துக்கு மதிப்புப் போடுற ஆபீஸ்ல, இருந்த அம்மா சொத்துவரி ரெக்கார்ட எடுத்து, இந்த வீட்டு வரி எந்த ஸ்கூலுக்குப் போகுதுன்னு விரல் வச்சுக் காட்டுனாங்க. வேற டிஸ்ட்ரிக்ட்ல படிக்க வைக்கணும்னா ஆப்ஷன் என்ரோல்மென்ட் இருக்கு, அதுக்கு மார்ச் 15க்குள்ள அப்ளிகேஷன் குடுக்கணும்னு அவங்கதான் எழுதியும் குடுத்தாங்க. அவங்க வேலையே இல்ல அது. ரொம்ப நன்றிம்மா.

அடுத்து பக்கத்து நிலத்துல சுகர் பீட் (சர்க்கரை எடுக்குற கிழங்கு) போடுற பெரியவர். இந்த ஊர்ப்பக்கத்த எனக்குப் புரிஞ்சுக்கக் கத்துக்குடுத்தது அவர்தான். லேட்டன்னு ஒரு ஸ்கூல் இருக்கு, மேப்ல அந்தப் பேர்ல ஊர தேடித் தேடிப் பாத்தேன் கிடைக்கல, அப்படி ஊரே இல்லம்மா, குர்லி (Gurley), டால்டன் (Dalton)னு ரெண்டு ஊரோட இங்கிலீஷ் பேர்ல கடைசி மூணு மூணு எழுத்தையும் சேத்து வச்ச பேருன்னார் (Leyton). பாட்டர்-டிக்ஸும் ரெண்டு ஊரு சேந்ததுதான். பேனர் கவுன்ட்டியில முனிசிபாலிட்டின்னு ஒண்ணுகூட இல்ல, மொத்த கவுன்ட்டிக்கும் ஒரே ஸ்கூல். கிராமத்துல தொடக்கப் பள்ளிக்கு மட்டும்னு தனியா இருந்த சின்னச் சின்ன டிஸ்ட்ரிக்ட்டையெல்லாம் 2005ல சட்டம் போட்டு 2006ல கலைச்சுட்டாங்க, அதைச் சொல்றப்ப அவர் குரலே மாறிருச்சு. பிள்ளைங்க குறைஞ்சா ஸ்கூல சேக்கத்தான் வேணும், ஆனா பேருலயாவது ரெண்டு ஊரையும் விட்டுடாம வச்சிருக்காங்களே, அது எனக்கு ரொம்பப் பிடிச்சுது.

டிசம்பர்ல ஒரு சாயங்காலம் பிரிட்ஜ்போர்ட்ல இருந்து நானும் பிள்ளைங்களும் மட்டும் வர்றோம், பனி ஆரம்பிச்சிருச்சு, போன்ல சிக்னல் போயிருச்சு. வழியில தெரியுற பெரிய பாறைங்கள வச்சு அந்தப் பெரியவர் சொல்லிவச்சதுதான் ஞாபகம் வந்துச்சு: கோர்ட்ஹவுஸ் ராக்கும் ஜெயில் ராக்கும் முதுகுக்குப் பின்னாடி போகணும், ஊசி மாதிரி நிக்குற சிம்னி ராக் இடது கைப்பக்கம் வரணும், அதுக்கப்புறம் நேர் எதிர்ல ஸ்காட்ஸ் பிளஃப். பெரியவன் ஜன்னல்ல மூக்க ஒட்டிக்கிட்டு பாத்துட்டே வந்தான், திடீர்னு “அம்மா ஊசிப்பாறை!”ன்னு கத்துனான் பாருங்க, எனக்கு அழுகையே வந்துருச்சு. 1840கள்ல ஆரெகன் ட்ரெயில்ல, அதாவது மேற்கே குடியேறப் போனவங்களோட பாதையில, மாட்டுவண்டியில போன குடும்பங்களும் இதே பாறைங்கள இதே வரிசையில பாத்துத்தான் போயிருக்காங்க. களிமண்ணும் எரிமலைச் சாம்பலும் மணற்கல்லுமா இருக்குற பாறை அந்த சிம்னி ராக், காத்துலயும் மழையிலயும் மின்னல்லயும் கொஞ்சம் கொஞ்சமா கரையுதாம். அன்னிக்கு எங்களுக்கு நின்னுச்சு.

ஸ்கூல் பஸ் ஓட்டுற அம்மா, நீங்க முதல் வாரம் முழுக்க சின்னவள முன்சீட்லயே உக்கார வச்சு அவ பேர சரியா சொல்லிப் பழகுனீங்களே, அதை இந்த வீட்ல யாரும் மறக்க மாட்டோம்.

அக்கா, ஜூலையில கியரிங்ல ஆரெகன் ட்ரெயில் டேஸ்னு திருவிழா நடக்கும், பிள்ளைங்களக் கூட்டிட்டு கண்டிப்பா வாங்க. சிக்னல் இல்லேன்னா பரவாயில்ல, பாறைய வச்சு வழி சொல்றேன்.