தேங்காய்ப்பட்டணம் முகத்துவாரத்தில் ஆழத்துக்குப் பணம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தேங்காய்ப்பட்டணம் மீன்பிடித் துறைமுக முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து உயிர் போகும்போதெல்லாம் தூர்வாரும் பேச்சு எழுகிறது. கொஞ்ச நாள் மணல் அள்ளுகிறார்கள். அடுத்த ஆனி ஆடிக் கடலில் மணல்மேடு பழையபடி வந்துவிடுகிறது. இது ஒருமுறை செய்து முடிக்கிற வேலையே அல்ல. கொல்கத்தா துறைமுகத்துக்குக் கப்பல் போகும் ஹூக்ளி ஆற்றில், 1975-ல் ஃபரக்கா தடுப்பணையிலிருந்து கங்கை நீரைத் திருப்பிவிட்ட பிறகும் தூர்வாரல் நின்றபாடில்லை. நம் குழித்துறை ஆற்றுக்கு அப்படி ஒரு நீர்வரத்தும் கிடையாது. கோதையாறும் பரளியாறும் மூவாற்றுமுகத்தில் சேரும் முன்பே பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகள் பாசனத்துக்குத் தண்ணீரைப் பிடித்துக்கொள்கின்றன. நம் கரையில் கடலின் ஏற்ற இறக்கமும் ஒரு மீட்டரை எட்டுவது அரிது. பெருவெள்ளம் வந்தாலொழிய, முகத்தில் விழும் மணலைத் தள்ளிவிட அங்கே விசை இல்லை.

மேடு ஏன் ஆளைக் கொல்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். அலையின் உயரத்தைப்போல் ஏறக்குறைய 1.3 மடங்கு ஆழம் உள்ள இடத்தில் அந்த அலை உடைகிறது. 2 மீட்டர் அலை ஆழமான இடத்தில் படகைத் தூக்கி இறக்கிவிட்டுப் போய்விடும். மேட்டின் மேல் 2.5 மீட்டர் தண்ணீர்தான் என்றால் அங்கேயே மடிந்து உடையும். உள்ளே வரும் படகின் பின்புறத்தை அது தூக்கும்போது சுக்கான் தண்ணீரைப் பிடிக்காது; படகு குறுக்கே திரும்பும்; அடுத்த அலை கவிழ்க்கும். ஓட்டுபவரின் கைத்திறனைக் குறை சொல்வது அநியாயம்.

மீன் நிரம்பிய ஆழ்கடல் விசைப்படகு 2.5 மீட்டர் அளவுக்கு அமிழும். அலைப்பள்ளத்தில் இன்னும் 1 மீட்டர் இறங்கும். அடியில் 1 மீட்டராவது மிச்சம் வேண்டும். ஆக, கடல் வற்றி நிற்கும் நேரத்திலும் 4.5 மீட்டர் தேவை. அடுத்த மழைக்காலத்தில் வந்து விழப்போகும் மணலுக்காக அதற்கும் கீழே 1 மீட்டர் தோண்டி வைத்தால்தான் அந்த ஆழம் ஓராண்டாவது தாங்கும்.

அலைத்தடுப்புச் சுவரின் மேல் ஹிட்டாச்சியை நிறுத்தி அள்ளுவது இதற்கு உதவாது. நீள்கை இயந்திரத்தின் கையே 15 முதல் 18 மீட்டர்தான். படகு ஓடும் நடுவழிக்கு அது எட்டாது. எட்டும் இடமோ சுவரின் அடிவாரம். அங்கே தோண்டினால் பாறைகளும் கான்கிரீட் கட்டைகளும் சரிந்து வழியிலேயே விழும். துறைமுகத்தின் உட்புறத்துக்கு வெட்டி உறிஞ்சும் டிரெட்ஜர் (தூர்வாரும் கலம்) பொருந்தும். ஆனால் அது இரும்புக் கால்களை ஊன்றி நின்று வேலை செய்வது. அரை மீட்டருக்கு மேல் அலை அடித்தாலே திணறும். முகத்துவாரத்துக்கு, ஓடிக்கொண்டே உறிஞ்சித் தன் வயிற்றில் நிரப்பிக்கொள்ளும் சிறிய ஹாப்பர் டிரெட்ஜர்தான் வேண்டும்.

படகுகள் கரையில் நிற்கும் தடைக்காலத்தில் தூர்வாரலாமே என்று பலர் கேட்கிறார்கள். மேற்குக் கரைக்குத் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. கடல் மிக மூர்க்கமாக இருக்கும் இரண்டு மாதங்களே அவை. எந்த டிரெட்ஜரும் முகத்தில் நிற்காது. டிசம்பர் முதல் மார்ச் வரைதான் உருப்படியான வேலைநாள். ஏப்ரல், மே மாதங்களில் கள்ளக்கடல் (காற்றில்லாத நாளிலும் திடீரென எழும் பேரலை) வந்து மணலைப் புரட்டிவிடும் என்பதால், மே மாதத்தில் மீண்டும் ஆழம் பார்த்துக் குறைந்த இடத்தைத் திருத்துவதும் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும்.

பணம் கொடுக்கும் முறைதான் முக்கியம். லாரிக் கணக்கு ஆழத்தைக் காட்டாது. அள்ளிய மணல் தளர்ந்து கூடுதல் இடம் பிடிக்கும், கரைமணலும் கணக்கில் கலந்துவிடும். வேலைக்கு முன்னும் பின்னும், ஒலி அனுப்பி ஆழம் பார்க்கும் எக்கோ சவுண்டரால் 10 மீட்டருக்கு ஒரு கோடாக அளக்க வேண்டும். அளக்கும் நேரத்து நீர்மட்டத்தைக் கழிக்காவிட்டால் அரை மீட்டர் வரை பிழை வரும். ஒரே இரவின் பேரலை அளவை மாற்றிவிடும் என்பதால் முடிந்த சில நாட்களுக்குள்ளேயே மறு அளவை நடக்க வேண்டும். எங்கள் வேண்டுகோள் இதுதான்: மூன்று அல்லது ஐந்து ஆண்டு ஒப்பந்தம் போடுங்கள், குறித்த ஆழம் நிற்கும் மாதங்களுக்கு மட்டும் பணம் கொடுங்கள்.

அள்ளிய மணலைத் துறைமுகக் கரையில் குவித்தால் மழையும் அலையும் திரும்ப உள்ளே இழுக்கும். இல்மனைட், மோனசைட் கனிமங்கள் கலந்த கரை என்பதால் வெளியே கொண்டுபோகச் சட்டச் சிக்கலும் உண்டு. பக்கத்திலேயே இரையுமன்துறை, பூத்துறை வீடுகளைக் கடல் அரிக்கிறது. குழாய்வழியே மணலை அங்கே செலுத்துங்கள். முகத்துக்கு ஒட்டிக் கொட்டாமல், திரும்பி வராத தூரத்தில் கொட்ட வேண்டும்.

இதற்கெல்லாம் காத்திருக்காமல் மீன்வளத் துறை இந்த மாதமே செய்யக்கூடியது ஒன்று உண்டு. முகத்துவாரத்தை வாரம் ஒருமுறை அளந்து, எந்தப் பக்கம் எத்தனை மீட்டர் என்று ஏலக்கூடத்தில் பலகையில் எழுதிப் போடலாம். வழியின் இருபுறமும் விளக்குள்ள மிதவை கட்டலாம். இரவில் கரை திரும்பும் படகுக்கு மேடு எந்தப் பக்கம் என்று தெரிந்தாக வேண்டும்.

இப்படிக்கு,
கடலோர வாசகர்கள்,
தேங்காய்ப்பட்டணம், கன்னியாகுமரி மாவட்டம்.