உப்புநீர் நெபுலைசர்: கொஞ்சம் பொறுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பிராங்கியோலைட்டிஸ் என்ற நுரையீரல் தொற்று வந்த கைக்குழந்தைக்கு 3 சதவீத உப்புநீரை நெபுலைசரில் (மருந்தைப் புகைபோல் ஆக்கி மூச்சில் செலுத்தும் மெஷின்) வைத்தால் சீக்கிரம் குணமாகிவிடும் என்று சென்ற இதழ்க் கட்டுரை அடித்துச் சொல்கிறது. குழந்தைகள் வார்டில் வேலை பார்ப்பவள் நான். அத்தனை உறுதியாக என்னால் சொல்ல முடியாது.

யோசனை தவறில்லை. பெரும்பாலும் ஆர்எஸ்வி வைரஸால் வரும் இந்த நோயில், நுரையீரலின் மிகச் சிறிய குழாய்கள் உள்ளே வீங்கி, சளியால் அடைபடுகின்றன. சாதாரண சலைன் 0.9 சதவீதம்தான். அதைவிட அடர்த்தியான உப்புநீர் திசுவிலிருந்து நீரை இழுத்துச் சளியை இளக்கும். பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் காக்ரேன் அமைப்பின் 2008 மதிப்பாய்வு, இதனால் மருத்துவமனையில் தங்கும் காலம் சுமார் ஒரு நாள் குறைகிறது என்றது. கட்டுரை அத்தோடு நின்றுவிட்டது. பிறகு பெரிய ஆய்வுகளும் சேர்ந்தபோது, அதே அமைப்பின் 2017 மதிப்பாய்வில் அந்த ஒரு நாள் அரை நாளுக்கும் கீழே இறங்கிவிட்டது. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டிகளை வெளியிடும் நைஸ் அமைப்பு 2015லேயே வேண்டாம் என்றது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் 2014 வழிகாட்டி, அவசரப் பிரிவில் கூடாது, அட்மிட் ஆன குழந்தைக்கு வேண்டுமானால் கொடுக்கலாம் என்ற அளவில் நிறுத்திக்கொண்டது.

மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் மருந்தின் கதையும் இதேதான். ஆஸ்துமாவில் தசை இறுகுவதால் அது உதவுகிறது. இங்கே முக்கியச் சிக்கல் வீக்கமும் சளியும். ஆனாலும் புகை வைக்காமல் அனுப்பினால் வைத்தியமே பார்க்கவில்லை என்று பெற்றோருக்குத் தோன்றுகிறது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், இரைப்புச் சத்தம் அப்படி. சிலர் வீட்டிலேயே உப்பைக் கரைத்து மெஷினில் ஊற்றப் பார்க்கிறார்கள். அது மட்டும் வேண்டவே வேண்டாம்.

வார்டில் நாங்கள் செய்வது பார்க்கச் சாதாரணமாக இருக்கும்: மூக்கடைப்பை எடுத்துவிடுவது, ஆக்சிஜன் குறைந்தால் கொடுப்பது, பால் குடிக்க முடியாவிட்டால் டியூபில் கொடுப்பது. மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள்வரைதான் நோய் உச்சத்தில் இருக்கும். இருமல் மூன்று வாரம்கூட இழுக்கலாம்.

கட்டுரையில் விடுபட்ட ஆபத்து அறிகுறிகளையாவது அடுத்த இதழில் போடுங்கள்: வழக்கத்தில் பாதிப் பால்கூடக் குடிக்காதது, பன்னிரண்டு மணி நேரமாக டயபர் நனையாதது, மூச்சு விடும்போது விலா எலும்புகளுக்கிடையே குழி விழுவது, முனகல், உதடு நீலமாவது, மூச்சு நின்று நின்று வருவது. இதில் ஒன்று இருந்தாலும் வீட்டில் மெஷினைத் தேடிக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு செவிலியர்