வாசிப்பு அரங்குகளுக்கு எங்களையும் அழையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பல்கலைக்கழக ஆங்கிலத் துறைகளில் பருவம் முழுக்கச் சிறப்புரை, நாடக வாசிப்பு, கவிதை அரங்கு என்று ஏதாவது நடந்துகொண்டே இருக்கிறது. அறிவிப்பு மட்டும் துறையின் பலகையைத் தாண்டுவதில்லை. இது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது.

இலக்கியம் காதால் கேட்கவும் வேண்டியது. ஷேக்ஸ்பியர் இறந்தது 1616-இல். அவருடைய நாடகங்களின் பெருந்தொகுப்பு அச்சானது 1623-இல்தான். அதிலுள்ள 36 நாடகங்களில் பாதி, அதற்கு முன் அச்சேறவே இல்லை. மக்கள் அவற்றை அறிந்தது மேடையில்தான்.

அண்மையில் ஒரு வாசிப்புக்குப் போயிருந்தேன். கடைசி வரிசையில் கூச்சத்தோடு உட்கார்ந்திருந்த மாணவி எழுந்துவந்து சானெட் என்ற குறுங்கவிதை வடிவில் ஒன்றை வாசித்தார். 14 வரிகள்தான். எட்டாம் வரி முடிந்து சிந்தனை திரும்பும் இடத்தில் ஒரு கணம் நிறுத்தி, மூச்சு விட்டுத் தொடர்ந்தார். படித்த காலத்தில் எத்தனை முறை விளக்கியும் எனக்குப் பிடிபடாதது, அந்த ஒரு மூச்சில் புரிந்துவிட்டது.

துறைகள் பருவத் தொடக்கத்திலேயே நிகழ்ச்சி நிரலை வெளியிட்டு, வெளியாட்களுக்கும் இரண்டு வரிசை ஒதுக்கட்டும். வரவேற்புரையைக் கொஞ்சம் சுருக்கினால் கேள்விகளுக்கும் நேரம் கிடைக்கும். அப்புறம், உங்கள் நாளிதழின் ‘இன்றைய நிகழ்ச்சிகள்’ பகுதியிலும் இவற்றைச் சேர்க்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்